வார்டு வருகையும் ஓர் அமானிதம்

(நர்சிங் மாணவியருக்குக் கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



கண்ணியத்திற்குரிய ஜமாஅத் பெரியோர்களே, பெற்றோர்களே, வார்டு பயிற்சிக்குச் செல்லவிருக்கும் மாணவச் செல்வங்களே!

இன்று வாழ்த்து மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்துவிடலாம். ஆனால் நம் தரப்பில் நடந்த ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும்.

நம் உதவியில் படித்த ஒரு மகள் மூன்று வருட நர்சிங் படிப்பை முடித்தார். எல்லாத் தேர்விலும் தேர்ச்சி. ஆனால் சான்றிதழ் கைக்கு வரவில்லை. அக்கா நிக்காஹ்வுக்காக எடுத்த நாட்கள், நைட் டூட்டி வேண்டாமென்று அத்தா நிறுத்திய நாட்கள் என வார்டு வருகையில் பாக்கி நின்றது. உடன் படித்தவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தபோது, இவர் விடுபட்ட டூட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆண்டுதோறும் மதிப்பெண் பட்டியலையும் கட்டண ரசீதையும் கேட்டு வாங்கிய நாம், வருகைப் பதிவை ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

ஆகவே விதியைத் தெளிவாகச் சொல்கிறோம். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி தேர்வு எழுத 80 சதவீத வருகை வேண்டும். மீதி 20 சதவீதம் லீவு என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அப்படியல்ல. பட்டமோ டிப்ளமாவோ பெறுமுன், ஒவ்வொரு செயல்முறைப் பயிற்சியிலும் 100 சதவீத வருகை இருக்க வேண்டும். விடுபட்ட நாள் கடனாகவே நிற்கும்.

ஏன் இந்தக் கண்டிப்பு? பிரசவ வலி பகல் பார்த்து வருவதில்லை. இரவில் லேபர் வார்டில் நிற்காதவர் பிரசவம் பார்க்க எப்படிப் பழகுவார்?

நம் ஊருக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் 35 பேருக்கு மேல் மாண்டதை நாம் மறக்கவில்லை. பெருந்தீக்காயம் பட்டவருக்கு முதல் 24 மணி நேரத்துக்கென்று கணக்கிடும் திரவத்தில் பாதியை, காயம் பட்ட 8 மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். மணிக்கொரு தடவை சிறுநீர் அளவைக் குறிக்க வேண்டும். ஷிப்ட் மாறும்போது அந்தக் கணக்கும் கை மாறுகிறது. பத்து நிமிடம் தாமதமாக வருபவருக்கு அது தெரியாமல் போகும். அந்த நோயாளி நம் பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம்.

பிள்ளைகளே, டூட்டி தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே வார்டில் இருங்கள். சரியான நேரத்துக்குப் போகும் பஸ்ஸை நம்பாமல், அதற்கு முந்தைய பஸ்ஸில் ஏறுங்கள். காய்ச்சல் என்றால் நோயாளிகளிடம் போகாதீர்கள்; ஷிப்ட் தொடங்குமுன் ஆசிரியைக்குத் தகவல் சொல்லி, அந்த நாளைப் பின்னர் ஈடுசெய்யுங்கள். தோழிக்காகக் கையெழுத்துப் போடாதீர்கள். அது பொய்ச் சாட்சி. தொழுகைக்குச் செல்வதானால் வார்டு சிஸ்டரிடம் சொல்லி, நோயாளியை இன்னொருவர் பொறுப்பில் விட்டுவிட்டுச் செல்லுங்கள்.

பெற்றோர்களே, நைட் டூட்டி பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. ஆனால் மகளை வீட்டில் நிறுத்துவது அதற்குத் தீர்வல்ல. மதீனாவில் நபியவர்களின் பள்ளிவாசலில் கூடாரம் அமைத்துக் காயம்பட்டோருக்குச் சிகிச்சை செய்த ருஃபைதா (ரலி) அவர்களின் வழிதான் உங்கள் பிள்ளைகள் செல்லும் வழி. போகவர வண்டியா, விடுதியில் இடமா, என்ன தேவை என்று எங்களிடம் சொல்லுங்கள். ஏற்பாடு செய்வது அறக்கட்டளையின் பொறுப்பு.

இனி மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஆசிரியை கையொப்பமிட்ட வருகை விவரத்தை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். உதவித்தொகையை நிறுத்துவதற்காக அல்ல. குறை இருந்தால் காலத்தோடு தெரிந்து, வீடு தேடி வந்து பேசுவதற்காக.

உங்களுக்குத் தரப்படும் இந்தப் பணம் சமுதாயத்தின் அமானிதம். நீங்கள் பார்க்கப்போகும் நோயாளியும் அமானிதம். இரண்டையும் பேணி நடக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.