கையெழுத்துக்கு முன் தீர்மானம்

(ரமணாசிரமம் பகுதியில், சிறு சங்கங்களின் பொக்கிஷதாரர்களிடையே பேசியது)



சாமியைப் பற்றியும் சடங்கைப் பற்றியும் பேசாமல் கணக்குப் புத்தகத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இரண்டும் ஒரே சங்கதிதான். "கேளாதே, நம்பு" என்பது கோயிலில் கெடுதி என்றால், சங்கத்தின் பணப்பெட்டியருகில் மாத்திரம் அது எப்படி நல்லதாகும்?

நம் சங்கங்களில் நடப்பதென்ன? தலைவர் அவசரம் என்கிறார்; பொக்கிஷதார் பணத்தைக் கொடுத்துவிடுகிறார். மாதம் கழித்துக் கூடும் நிர்வாக சபை, ஆனது ஆகிவிட்டதென்று தலையசைக்கிறது. இதற்குப் பெயர் அனுமதியா? தாலி கட்டிய பிறகு பெண்ணின் சம்மதத்தைக் கேட்பது போலல்லவா இருக்கிறது?

"நான் யோக்கியன், என்மீது சந்தேகமா?" என்று சிலருக்குக் கோபம் வருகிறது. யோக்கியனுக்குத்தான் தீர்மானம் அதிகம் வேண்டும். திருடனிடம் பொய்ச்சீட்டாவது தயாராக இருக்கும். யோக்கியனிடமோ வாய்வார்த்தை ஒன்றுதான் இருக்கும்.

ஆளின் குணம் ஏற்பாட்டுக்கு ஈடாகாது. பக்கத்து ஆசிரமத்தையே பாருங்கள். ரமணர் கோவணத்தோடு வாழ்ந்தவர் என்பதை அவர் கொள்கையை ஏற்காதவர்களும் ஒப்புவார்கள். ஆனாலும் ஆசிரம நிர்வாகம் சம்பந்தமான வழக்கில் 1936இல் அவரிடமே சாட்சியம் வாங்க வேண்டிவந்தது. 1938இல் உயிலும் எழுதவேண்டியதாயிற்று. துறவியின் இடத்துக்கே எழுத்து வேண்டியிருக்கும்போது, குடும்பஸ்தர்களாகிய நமக்கு வேண்டாமா?

கோயில் சொத்துக்குக் கணக்குக் கேட்கத்தான் பனகல் அரசர் மந்திரிசபை 1925இல் இந்துமத பரிபாலனச் சட்டம் செய்தது. மதத்துக்கு ஆபத்து என்று கூச்சலிட்டார்கள். ஆபத்து வந்தது மதத்துக்கல்ல, கணக்குக் காட்டாதவர்களுக்கே! 1994ஆம் வருஷத்து ஊராட்சிகள் சட்டமும் கிராம ஊராட்சிச் செக்கில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டுமென்கிறது. தலைவர் அயோக்கியர் என்பதாலா? இல்லை, ஒரு கை தவறினால் மறுகை பிடிக்கவேண்டும் என்பதற்காகவே.

ஆகையால் பொக்கிஷதார் தோழர்களே, பணம் கொடுக்குமுன் நான்கு கேள்வி கேளுங்கள். தீர்மானம் எந்தத் தேதியில் ஆயிற்று? எவ்வளவு தொகைக்கு? யாருக்கு? பில் எங்கே? நான்குக்கும் பதில் மினிட் புத்தகத்திலும் கையிலும் இருந்தால் கொடுங்கள். வெற்றுச் செக்கில் ஒருபோதும் கையெழுத்திடாதீர்கள். உங்களுக்கே சேரவேண்டிய தொகையானால், அனுமதி சொல்லும் இடத்திலிருந்து விலகிக்கொள்ளுங்கள்.

மழையில் படிப்பகக் கூரை சரிந்தால் சபை கூடும்வரை காத்திருப்பதா என்பீர்கள். வேண்டாம். இத்தனை ரூபாய் வரை, தலைவரும் காரியதரிசியும் எழுதிக்கொடுத்தால் கொடுக்கலாம். அடுத்த கூட்டத்தில் கணக்கு வைக்கவேண்டும் என்று இன்றே தீர்மானம் செய்துவையுங்கள். அவசரத்துக்கும் முன்கூட்டியே வழி செய்வதுதான் பகுத்தறிவு.

"தீர்மானம் எங்கே?" என்று கேட்கும் பொக்கிஷதார் தலைவருக்கு விரோதியல்ல. கூலியில் மிச்சம் பிடித்துச் சந்தா கொடுத்தானே, அவனுக்குத் தோழர். அவரைக் கோபிக்காதீர்கள், அடுத்த வருஷமும் அவரையே தேர்ந்தெடுங்கள் என்று கூறி முடித்துக்கொள்ளுகிறேன்.