அளவுகோலும் தூண்டிலும்



நெய்தல் திணைப் பாடல்களிலே மீன் பிடிப்போர் நிறைய வருகிறார்கள். வலை காய்கிறது, மீன் உலர்கிறது, உலரும் மீனைக் கவர வரும் பறவைகளைத் தலைவி ஓட்டுகிறாள். ஆனால் பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுபவன் ஒருவனை நான் அங்கே கண்டதில்லை. அங்கே கடல் பிழைப்பு. ஆங்கில இலக்கியத்தில் கதை வேறு. ஐசாக் வோல்ற்றன் 1653 இல் வெளியிட்ட தூண்டில் நூல் தொடக்கம், மீன்பிடியை மன ஆறுதல் தரும் ஒரு கலையாகவே எழுதும் மரபு அங்கே உண்டு. அந்த மரபின் அமெரிக்க வாரிசுகள் ஒரு மீனின் பொருட்டுச் சட்டத்தோடும் தமக்குள்ளேயும் நடத்தி வரும் வழக்கைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

அந்த மீனின் பெயர் ஸ்றைப்ட் பாஸ். வெள்ளி நிற உடம்பில், செவுளிலிருந்து வால்வரை ஏழெட்டுக் கருங்கோடுகள். வரிக் கொடுவா என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். நமது களப்புக் கொடுவாவுக்கும் இதற்கும் குடும்ப உறவு கிடையாது. பேச்சு வசதிக்காகவே இந்தப் பெயர். கடலிலே வாழ்ந்து, இளவேனிலில் ஆறேறிச் சினையிடும் மீன் இது. செசப்பீக் விரிகுடாவில் கலக்கும் ஆறுகளே இதன் பெரிய தாய்வீடு. ஹட்சன், டெலவெயர் ஆறுகள் அடுத்தவை. அங்கிருந்து வடக்கே மெயின் மாநிலம் வரை கரையை ஒட்டியே உலாவும். பாறையில் நின்றும், அலையில் இறங்கியும், சிறு வள்ளத்தில் இருந்தும் பிடிக்கலாம். அதனாலே அது பணக்காரனுக்கும் கிட்டியது, கூலியாளுக்கும் கிட்டியது.

இதற்குச் சட்டம் போடுவது புதிதல்ல. மசச்சூசெற்ஸ் விரிகுடாக் குடியேற்றத்தின் மன்று 1639 இலேயே, இந்த மீனையும் கொட் மீனையும் வயலுக்கு எருவாக இடக்கூடாதென்று கட்டளையிட்டது. எருவாக இடும் அளவுக்கு மீன் மலிந்திருந்த காலத்திலேயே அந்தக் கவலை வந்திருக்கிறது பாருங்கள்.

கவலைக்குரிய காலம் முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் வந்தது. 1973 இல் உச்சத்தைத் தொட்ட வணிகப் பிடிப்பு, பத்தே ஆண்டுகளில் கால்வாசிக்கு விழுந்தது. 1984 இல் அமெரிக்கக் காங்கிரஸ் இந்த ஒரு மீனுக்காகவே ஒரு சட்டம் இயற்றியது. மாநிலங்கள் கூட்டாக வகுக்கும் திட்டத்தை ஒரு மாநிலம் மதிக்காவிட்டால், அங்கே மத்திய அரசு மீன்பிடியையே நிறுத்தலாம். 1985 தொடக்கத்தில் மேரிலாண்ட் முழுத் தடை விதித்தது. ஐந்தாண்டுகள் ஒருவரும் தொடவில்லை. ஆறுகளில் குஞ்சு பெருகிய கணக்கைப் பார்த்து 1990 இல் கதவைச் சிறிது திறந்தார்கள். 1995 இல் மீன் மீண்டு விட்டதென அறிவித்தார்கள். மீன்வள வரலாற்றில் இப்படி நல்ல முடிவுள்ள அத்தியாயங்கள் அதிகமில்லை.

முடிவென்று நினைத்தது முடிவாக இருக்கவில்லை. கடற்கரையில் ஒருவருக்கு நாளொன்றுக்கு இரண்டு மீன், குறைந்தது 28 அங்குலம் என்றிருந்த விதி, 2015 இல் ஒரு மீன் ஆயிற்று. 2019 இல் வெளிவந்த ஆய்வு, மீன் இருப்புக் குறைந்துவிட்டது, பிடிப்பும் மிஞ்சிவிட்டது என்றது. 2020 இல் மேல் எல்லை ஒன்றும் வந்தது: 28 அங்குலத்துக்குக் குறையாமல், 35 அங்குலத்தை எட்டாமல் இருந்தால்தான் வீட்டுக்குக் கொண்டு போகலாம். பெரிய மீன்கள் பெரும்பாலும் பெட்டைகள். இலட்சக்கணக்கில் சினையிடும் தாய்கள். அவற்றைத் தப்பவிடுவதே நோக்கம். ஆனால் 2015 இல் பிறந்த பெருங்கூட்டம் வளர்ந்து 2022 இல் அந்த இடைவெளிக்குள் வந்து சேர்ந்தது. அவ்வாண்டு வீட்டுக்குப் போன மீன் முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய இருமடங்கு! பதறிப்போய், 2023 மே மாதம் அவசர விதியாக மேல் எல்லையை 31 அங்குலமாக இறக்கினார்கள். சட்டத்தின் சாளரம் மூன்று அங்குல அகலமாயிற்று.

இவ்விடத்திலேதான் வழக்குச் சூடாகிறது. பொழுதுபோக்கினர் பிடிக்கும் மீனில் நூற்றுக்குத் தொண்ணூறு அளவில் திரும்பக் கடலுக்கே விடப்படுகிறது. விட்ட மீனெல்லாம் பிழைப்பதில்லை. நூற்றுக்கு ஒன்பது சாகும் என்பது ஆய்வாளர் பயன்படுத்தும் விகிதம். கணக்கைப் போட்டுப் பாருங்கள். நூறு பிடித்தால் பத்து சட்டியில், எட்டு கடலடியில். ஒரு மீனைக் கொண்டுபோய்ப் பொரித்துத் தின்றவன் ஒரு மீனைக் கொன்றான். ஒரு மீனையும் தின்னாமல், முப்பதைப் பிடித்து முத்தமிட்டு விட்ட கனவான் ஏறத்தாழ மூன்றைக் கொன்றான். ஆயினும் பாவி என்ற பெயர் முதலாமவனுக்கே கிடைக்கிறது. எனக்கு இதில் நியாயம் தெரியவில்லை.

மீன் மீது கருணை வைத்த விதிகளும் உண்டு. 2021 முதல், இரை கோத்துப் பிடிப்போர் வட்ட முள்ளையே பாவிக்க வேண்டும். அது குடலில் குத்தாமல் வாயோரத்தில் மாட்டும். மேரிலாண்ட் 2020 தொடக்கம் கோடையில் இரு வாரம் மீன்பிடியை மூடியது. வெந்நீர் போன்ற விரிகுடாவில் விடப்படும் மீன் பிழைப்பது அரிது. அந்த நாட்களில் பிடித்து விடுவதற்குக்கூட இந்த மீனை நாடக் கூடாது என்பது கட்டளை.

நாடக் கூடாது! அழகான சொல், அமுல்படுத்தத்தான் வழியில்லை. அதே நீரில் வேறு மீன்களும் இருக்கின்றன. 'ஐயா, நான் நீல மீனுக்குத்தான் தூண்டில் போட்டேன், இது தானாக வந்து கடித்தது' என்றால் அதிகாரி என்ன செய்வார்? மனத்தில் இருந்த எண்ணத்துக்கு எந்த அளவுகோல்? இத்தகைய தடையைக் கரை முழுவதற்கும் கொண்டுவரலாமா என்ற யோசனை பின்னர் எழுந்தபோது, சட்டத்தை அமுலாக்குவோரே தயங்கினார்கள்.

இதற்கிடையில் ஆறுகளின் செய்தி நல்லதாயில்லை. மேரிலாண்டில் 1954 முதல் ஆண்டுதோறும் சிறு வலை இழுத்துக் குஞ்சுகளை எண்ணுகிறார்கள். நீண்டகாலச் சராசரி 11 அளவில். 2023 இல் கிடைத்தது 1.0, 2024 இல் 2.0. மழையும் குளிரும் குறைந்த இளவேனில்களில் குஞ்சுகள் தேறுவதில்லை. அதற்குத் தூண்டிற்காரன் பொறுப்பில்லை. விட்டுக்கொடுக்க வேண்டியவன் மட்டும் அவன்தான். இன்று பிடிக்க மீன் இருக்கிறது, நாளைக்கு வளர்ந்து வரக் குஞ்சு இல்லை. வாடகை வள்ளக்காரரும் தூண்டிற் கடைக்காரரும் இன்றைய மீனைக் காட்டுகிறார்கள்; ஆய்வாளர் நாளைய வெறுமையைக் காட்டுகிறார்கள். இரண்டும் உண்மை.

2025 ஒக்டோபரில், கரையோர மாநிலங்களின் ஆணைக்குழு மேலும் குறைப்பதா என்று கூடிப் பேசியது. குறைப்பதில்லை என்று முடிவாயிற்று. அத்துடன் சிறிய ஒழுங்கொன்றையும் செய்தார்கள். அளக்கும்போது மீனின் வாலை விரித்து வைத்தால் நீளம் சிறிது குறையும்; 31 அங்குல எல்லையைக் கொஞ்சம் தாண்டிய மீனை இப்படி உள்ளே நுழைத்துவிடலாம். ஆகவே வாலின் இரு நுனிகளையும் சேர்த்துப் பிடித்தே அளக்க வேண்டும் என்று விதித்தார்கள்.