கொரில்லாவுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் கால்நடை உதவி மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஆடு மாடு பற்றி ஏதாவது பேசுங்க டாக்டர்" என்று கூப்பிட்டார்கள். தீவனம், தடுப்பூசி, குடற்புழு நீக்கம் எல்லாம் பயிற்சியிலேயே நிறையக் கேட்டிருப்பீங்க. அதனால் இன்றைக்கு ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்றேன். அவரும் கால்நடை மருத்துவம் படித்தவர்தான். ஆனால் அவர் முதலில் வைத்தியம் பார்த்தது காட்டு யானைக்கும் கொரில்லாவுக்கும். கொரில்லாவைக் காப்பாற்றப் போனவர், கடைசியில் ஊருக்குள் வந்து மனுஷங்க உடம்பைப் பார்க்க ஆரம்பித்தார். ஏன் அப்படிச் செய்தார் என்பதுதான் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

அவர் பெயர் கிளாடிஸ் கலேமா-ஜிகுசோகா. ஊர், கிழக்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் உகாண்டா. 1970இல் தலைநகர் கம்பாலாவில் பிறந்தார். அப்பா மந்திரியாக இருந்தவர். இடி அமீன் ஆட்சியைப் பிடித்த பிறகு, 1972இல் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், கொன்றுவிட்டார்கள். அப்போது கிளாடிஸுக்கு இரண்டு வயது. வீட்டில் ஆறு பிள்ளைகள், இவர்தான் கடைக்குட்டி. அம்மா ரோடா கலேமா ஒற்றை ஆளாக நின்று அத்தனை பேரையும் படிக்க வைத்தார். அதோடு நிற்காமல் அரசியலுக்கும் வந்து, அந்த நாட்டு நாடாளுமன்றத்தில் உட்கார்ந்த முதல் தலைமுறைப் பெண்களில் ஒருவரானார். இப்படிப்பட்ட அம்மாவின் மகள் பின்னால் காட்டுக்குள் தனியாகப் போகப் பயப்படவில்லை என்றால் அதில் ஆச்சரியம் இல்லைங்க.

சின்ன வயதிலிருந்தே பிராணிகள் மேல் பிரியம். லண்டனில் கால்நடை மருத்துவம் படித்து முடித்ததும் ஊருக்கே திரும்பி வந்தார். 1996இல் உகாண்டா தேசியப் பூங்காக்களுக்கு வனவிலங்கு மருத்துவராக நியமித்தார்கள். அந்த வேலைக்கு அந்த நாட்டில் அவர்தான் முதல் ஆள். வயது இருபதுகளின் நடுவில். யானையை மயக்க ஊசி போட்டுப் படுக்க வைக்க வேண்டிய வேலைக்கு இந்தச் சின்னப் பெண்ணா என்று பார்த்தவர்களும் உண்டு.

உகாண்டாவின் தென்மேற்கு மூலையில் பிவிண்டி என்று ஒரு மலைக்காடு. நுழையவே முடியாத காடு என்றுதான் அதன் பெயரே. மலைக் கொரில்லாக்கள் உலகத்தில் இரண்டே இடத்தில்தான் இருக்கின்றன. அதில் ஒன்று இந்தக் காடு. காட்டை ஒட்டியே ஊர்கள். வாழை, சர்க்கரைவள்ளி, பீன்ஸ், காப்பி போட்டிருப்பார்கள். காட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவே சில இடத்தில் ஒரு வரப்பு அளவுதான் இடைவெளி. வாழைத் தண்டு என்றால் கொரில்லாவுக்கு அவ்வளவு இஷ்டம். காட்டைவிட்டு இறங்கி வந்து தண்டை உரித்துத் தின்றுவிட்டுப் போகும். நம்ம பக்கம் பன்றியும் யானையும் இறங்குகிற மாதிரி.

அவர் வேலைக்குச் சேர்ந்த அதே 1996இல் ஒரு கொரில்லாக் கூட்டத்தில் வினோதமான நோய் வந்தது. முடி கொட்டுகிறது. தோல் வெள்ளை வெள்ளையாகச் செதில் விடுகிறது. ராத்திரி பகல் சொறிந்துகொண்டே இருக்கின்றன. என்ன நோய் என்று பிடிபடவில்லை. அப்போது அவர் ஒரு புத்திசாலித்தனமான காரியம் செய்தார். மனுஷங்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் நண்பரிடம் போய், "நம்ம ஊர் ஜனங்களுக்கு அதிகமாக வருகிற தோல் நோய் எது?" என்று கேட்டார். சொறி சிரங்கு என்று பதில் வந்தது. தோலைச் சுரண்டிப் பார்த்தால் அதேதான். கண்ணுக்குத் தெரியாத சிரங்குப் பூச்சி.

மருந்து என்ன தெரியுமா? ஐவர்மெக்டின். நம்ம ஆடு மாட்டுக்குச் சொறிக்கும் உண்ணிக்கும் போடுகிறோமே, அதேதான். ஊசி போட்டதும் மற்றவை தேறிக்கொண்டன. ஒரு குட்டியை மட்டும் காப்பாற்ற முடியவில்லை.

அந்தக் கூட்டத்துக்குச் சிரங்கு எங்கிருந்து வந்தது? தேடிக்கொண்டே போனால் ஊருக்குள் வந்து நிற்கிறது. தோட்டத்தில் காவலுக்குச் சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி நட்டு, பழைய துணியை மாட்டி வைத்திருந்தார்கள். கொரில்லாவுக்கு எதையும் தொட்டுப் பார்க்கிற குணம். அந்தத் துணி வழியாகத்தான் பூச்சி ஏறியிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். கொரில்லாவும் மனுஷனும் மரபணுவில் 98 சதவீதத்துக்கு மேல் ஒன்று. நமக்கு வருகிற சளி, இருமல், சிரங்கு எல்லாம் அதற்கும் வரும். ஆனால் அதைத் தாங்குகிற சக்தி அதற்கு இல்லை.

இந்த இடத்தில் ரெண்டு வழி இருந்தது. "உங்களால்தான் கொரில்லா செத்தது" என்று ஊர்க்காரங்களைத் திட்டலாம், வேலி போடலாம், அபராதம் போடலாம். அந்த ஊர்க்காரங்களுக்கு ஏற்கெனவே அந்தக் கோபம் இருந்தது. 1991இல் காட்டைத் தேசியப் பூங்கா ஆக்கியபோது, தலைமுறை தலைமுறையாக உள்ளேயே வாழ்ந்த பட்வா மக்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். விறகுக்கும் தேனுக்கும் உள்ளே போக முடியவில்லை. மிருகத்துக்கு டாக்டர் வருகிறார், நமக்கு யார் வருகிறார்கள் என்று அவர்கள் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது.

கிளாடிஸ் அம்மா வேறு கேள்வி கேட்டார். இந்த வீடுகளில் சிரங்கு ஏன் இத்தனை பேருக்கு இருக்கிறது? மாற்றுத் துணி இல்லை. சோப்பு இல்லை. தண்ணீர் எடுக்க மலை இறங்க வேண்டும். ஆஸ்பத்திரி எட்டாத தூரத்தில். வீட்டில் பிள்ளைகள் அதிகம், எல்லாரும் ஒரே போர்வைக்குள். அப்படியிருந்தால் பூச்சி வீட்டைவிட்டுப் போகாது. வீட்டைவிட்டுப் போகாத வரை காட்டையும் விட்டுப் போகாது. ஊர் ஊராகப் போய்க் கூட்டம் போட்டார்கள். நடந்ததைச் சொல்லி, என்ன செய்யலாம் என்று ஜனங்களையே கேட்டார்கள். வைத்திய வசதி பக்கத்தில் வேண்டும், சுத்தம் பற்றிச் சொல்லித் தர வேண்டும் என்று அவர்களே சொன்னார்கள்.

பிறகு அமெரிக்காவுக்குப் போய் மேல்படிப்பு படித்தார். மாடு, எருமை, மனுஷன் என்று காசநோய் எப்படிக் கைமாறுகிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. திரும்பி வந்து 2003இல் கணவரோடும் இன்னொரு நண்பரோடும் சேர்ந்து ஒரு தொண்டு நிறுவனம் தொடங்கினார். 'பொதுச் சுகாதாரம் வழியாக வனப் பாதுகாப்பு' என்பதுதான் அதன் பெயருக்கு அர்த்தம். ஒரு பக்கம் கொரில்லாவின் சாணத்தை எடுத்துக் கிருமி இருக்கா என்று பரிசோதனை. இன்னொரு பக்கம் மாட்டுக்குப் பரிசோதனை. மூன்றாவது பக்கம், விடாமல் இருமுகிறவர்களின் சளியை எடுத்துக் காசநோய் இருக்கா என்று பரிசோதனை. மூன்றையும் ஒரே ஆட்கள் சேர்த்துப் பார்ப்பதைத்தான் இப்போது உலகம் முழுக்க 'ஒரே ஆரோக்கியம்' என்று சொல்றாங்க.

இனி வருவதுதான் நம்ம கதைங்க. எத்தனை டாக்டர் இருந்தாலும் வீடு வீடாகப் போக முடியுமா? 2007இல் ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர்ப் பெண்களையும் ஆண்களையும் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் வீட்டுக்கு வீடு போய் கை கழுவுவது, கழிப்பறை, குடும்பக் கட்டுப்பாடு, காசநோய் பற்றிப் பேசுவார்கள். அதே பேச்சில் கொரில்லா தோட்டத்துக்கு வந்தால் என்ன செய்வது என்றும் சொல்வார்கள். பக்கத்து வீட்டு அக்கா சொன்னால் கேட்கிற மாதிரி, ஜீப்பில் வந்து சொல்கிறவர் சொன்னால் கேட்போமா? இல்லீங்களே.

இவர்களுக்குச் சம்பளம் கிடையாது. அதற்குப் பதில் குழுவாக வளர்க்க ஆடு, மாடு கொடுத்தார்கள். பின்னால் அந்தக் குழுக்களே சேமித்து, தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்கிற சேமிப்புக் குழுக்களாகவும் ஆயின. சந்தா, உள்கடன், தவணை, நம்ம மாதக் கூட்டத்தில் நடப்பது அத்தனையும் அங்கேயும் நடக்கிறது! குழு நின்றது, அதனால் வேலையும் நின்றது.

கஷ்டம் வராமல் இல்லை. 2020இல் கொரோனா வந்து சுற்றுலா நின்றுபோனது. கொரில்லா பார்க்க வருகிறவர்களை நம்பியிருந்த வீடுகளில் அடுப்பு எரியவில்லை. பசிக்குச் சின்ன மிருகம் பிடிக்கக் காட்டுக்குள் போன ஒருவரின் ஈட்டிக்கு ரஃபீக்கி என்ற பெரிய ஆண் கொரில்லா பலியானது. அந்தச் சமயத்தில் கிளாடிஸ் அம்மாவின் ஆட்கள், சீக்கிரம் விளைகிற காய்கறி விதைகளையும் நாற்றுகளையும் வறுமைப்பட்ட வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கொரில்லா பார்க்கப் போகிறவர்கள் முகக்கவசம் போட வேண்டும், 7 மீட்டருக்குப் பதில் 10 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்றும் விதி வந்தது. காப்பி விவசாயிகளிடம் சந்தை விலைக்கு மேல் கொடுத்து வாங்கி விற்கும் ஒரு வியாபாரத்தையும் அவர் ஏற்கெனவே தொடங்கியிருந்தார். வயிறு நிறைந்தால்தான் காடு பிழைக்கும் என்று அவருக்குத் தெரியும்.

பலன் என்ன? 1990களின் கடைசியில் பிவிண்டிக் காட்டில் சுமார் 300 கொரில்லாக்கள். 2018 கணக்கெடுப்பில் 459. உலகம் முழுக்க மலைக் கொரில்லாக்கள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. வனக் காவலர்களும் இன்னும் பலரும் சேர்ந்து செய்த வேலை இது. அதில் இந்தக் கிராமக் குழுக்களுக்கும் பங்கு உண்டு. 2021இல் ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் அமைப்பு 'பூமியின் சாம்பியன்' என்ற விருதை அவருக்குக் கொடுத்தது.

நம்ம ஊரில் கொரில்லா இல்லை. ஆனால் கொட்டகையும் வீடும் ஒட்டித்தானே இருக்கிறது? அதனால் நாலே விஷயம் சொல்லி முடிச்சுக்கிறேன்.

ஒன்று: நாய் கடித்தால், கீறினால்கூட, சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்க. மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம். ஊசியை எல்லாத் தவணையும் முடிங்க. வெறிநோய் வந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை.

ரெண்டு: ஆடோ மாடோ திடீரென்று விழுந்து செத்து, மூக்கிலோ ஆசனவாயிலோ ரத்தம் வந்திருந்தால் அறுக்காதீங்க, தோல் உரிக்காதீங்க. அடைப்பான் நோயாக இருக்கலாம், அது மனுஷருக்கும் வரும். உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்க.

மூணு: பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீங்க. ஊசி போட்ட மாட்டின் பாலை, டாக்டர் சொல்கிற நாள் வரை விற்கவும் வேண்டாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

நாலு: மழைக்காலத்தில் தேங்கின தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருக்கும். காலில் புண்ணோடு அதில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனால், "வீட்டில் மாடு இருக்கு, வயலில் இறங்கினேன்" என்று நீங்களே டாக்டரிடம் சொல்லுங்க. அவர் கேட்க மறந்தாலும் நீங்க சொல்ல மறக்காதீங்க.

கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோளும் இருக்கு. மாதக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் எழுதி முடித்ததும், தீர்மானப் புத்தகத்தில் இன்னும் ஒரு வரி எழுதுங்க: இந்த மாதம் யார் வீட்டில் காய்ச்சல், யார் வீட்டு ஆடு மாட்டுக்கு நோய். ஒரே தெருவில் ரெண்டும் சேர்ந்து வந்தால் அந்த வரியே காட்டிக்கொடுத்துவிடும். அன்றைக்கே எங்களுக்கு ஒரு போன் போடுங்க, நாங்க வந்து பார்க்கிறோம்.