எய்தவன் இருக்க அம்பை மட்டும் நோவதா?

(விளையாட்டு மன்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஊக்க மருந்து உண்டு பிடிபட்ட வீரர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் அடிக்கடி படிக்கிறோம். "மோசக்காரன்" என்று ஏசிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம். அவர்களுக்கு என்ன தண்டனை, அதைத் தீர்மானிப்பது யார், தண்டனைக்குத் தப்புகிறவர்கள் யார் என்று நாம் கேட்பதில்லை. அதைத்தான் இன்று கேட்க விரும்புகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஊக்க மருந்துக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. 1967ல் பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் டாம் சிம்ப்சன் என்ற பிரிட்டிஷ் வீரர் கடும் வெயிலில் மலைப் பாதையில் சுருண்டு விழுந்து மாண்டார். அவர் உடலில் ஆம்பெடமின் என்ற மருந்து இருந்தது. அது மட்டுமல்ல. ஒருவன் மருந்து உண்டு ஜெயித்தால், உண்ணாமல் பாடுபட்டவனுடைய இடமும் ஊதியமும் பறிபோகின்றன. ஆகவே தண்டனை அவசியம். எப்படிப்பட்ட தண்டனை என்பதே கேள்வி.

கணக்கைப் பாருங்கள். ஒலிம்பிக் போட்டிகளில் உலக ஊக்க மருந்துத் தடுப்பு நிறுவனத்தின் விதிகள் செல்லுபடியாகின்றன. 2015 முதல், வேண்டுமென்றே ஸ்டீராய்டு உண்டதாக முடிவானால், முதல் தடவைக்கே 4 ஆண்டுத் தடை. வேண்டுமென்று செய்யவில்லை என்று நிரூபிக்கும் பாரமும் வீரர் தலையில்தான். ஓர் ஓட்டக்காரருக்கு 4 ஆண்டு என்றால் பெரும்பாலும் ஓட்ட வாழ்க்கையே முடிந்தது என்று பொருள்.

அமெரிக்காவின் தொழில்முறை பேஸ்பாலிலோ, அதே குற்றத்துக்கு முதல் தடவை 80 ஆட்டங்கள். ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள். ஆக, பாதிப் பருவம். இரண்டாம் தடவை 162 ஆட்டங்கள். மூன்றாம் தடவைதான் ஆயுள் தடை. 2019ல் கூடைப்பந்து வீரர் டியாண்ட்ரே ஏடனுக்கு 82 ஆட்டங்களில் 25. 2022ல் அமெரிக்கக் கால்பந்து வீரர் டியாண்ட்ரே ஹாப்கின்ஸுக்கு 17 ஆட்டங்களில் 6. ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு! ஏன் இந்த வித்தியாசம்?

சங்கம் இருப்பதும் இல்லாததும்தான் முக்கியக் காரணம். அமெரிக்கத் தொழில்முறை ஆட்டங்களில் தண்டனை விதிகளை ஆட்டக்காரர் சங்கத்துடன் பேசித்தான் முதலாளிகள் வகுக்க முடியும். ஒலிம்பிக் வீரருக்கு அத்தகைய பேரம் பேசும் சங்கம் கிடையாது. விதியை ஏற்றால் ஓடலாம். ஏற்காவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

பேஸ்பாலின் சரித்திரமே இதற்குச் சாட்சி. கீழ்மட்ட அணிகளின் ஆட்டக்காரர்களுக்கு அன்று சங்கம் இல்லை. 2001ல் யாரையும் கேட்காமல் நிர்வாகம் அவர்கள்மீது சோதனையைத் திணித்தது. மேல்மட்டத்திலோ 2003ல் பெயர் குறிக்காத சோதனைதான் நடந்தது. 2005ல்கூட முதல் குற்றத்துக்கு 10 நாள்தான்! அமெரிக்கப் பாராளுமன்றம் விசாரணை நடத்திய பிறகே அது 50 ஆட்டங்களாயிற்று; 2014ல் 80 ஆயிற்று.

இதில் சங்கத் தலைமைக்கும் ஒரு பாடம் உண்டு. அது நெடுங்காலம் சோதனையை எதிர்த்தது. அந்தப் பிடிவாதம், மருந்தைத் தொடாத உறுப்பினர்களைக் காப்பாற்றவில்லை. பின்னாளில் கண்டிப்பு வேண்டுமென்று ஆட்டக்காரர்கள் பலரே குரல் கொடுத்தார்கள்.

முதலாளிகள் கதை என்ன? 1994 வேலைநிறுத்தத்துக்குப் பின் மைதானங்களில் கூட்டம் குறைந்திருந்தது. 1998ல் மார்க் மக்வயர் 70 ஹோம் ரன் அடித்தார். ஜனங்கள் அலைமோதினார்கள், டிக்கெட் பணம் முதலாளிகளின் பெட்டியை நிரப்பியது. தாம் ஸ்டீராய்டு உண்டதை மக்வயர் 2010ல் ஒப்புக்கொண்டார். பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடமில்லை. அந்தக் காலத்தில் கமிஷனராக இருந்த பட் செலிக் 2017ல் அதே மண்டபத்தில் மரியாதையுடன் சேர்க்கப்பட்டார். இது என்ன நியாயம்?

லாபம் இல்லாத இடத்தில் இந்தத் தீமை இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். கிழக்கு ஜெர்மனியில் 1974 முதல் அரசே திட்டமிட்டு வீரர்களுக்கு ஸ்டீராய்டு கொடுத்தது. சிறுமிகளுக்கு வைட்டமின் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களில் பலர் உடல்நலம் கெட்டு வாழ்நாளெல்லாம் துன்புற்றார்கள். 2000ல் பெர்லின் நீதிமன்றம் விளையாட்டுத் தலைவர் மன்ஃப்ரெட் ஏவால்டைக் குற்றவாளி என்று தீர்த்தது. தண்டனை 22 மாதம், அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. பதக்கத்துக்காகச் செய்தாலும் பணத்துக்காகச் செய்தாலும் குற்றம் குற்றமே.

மேலே இருப்பவர்களைத் தொடவே முடியாதா? முடியும். சைக்கிள் வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் 7 பட்டங்கள் 2012ல் பறிக்கப்பட்டன. அவருக்கு ஆயுள் தடை. அவருடைய அணி மேலாளர் யோஹான் புரூனீலுக்கு 2014ல் 10 ஆண்டுதான் விதித்தார்கள். மேல்முறையீட்டில், 2018ல், அவருக்கும் ஆயுள் தடை கிடைத்தது. மனமிருந்தால் வழி உண்டு.

ஆகவே நாம் கோர வேண்டியவை மூன்று. தண்டனை விதிகளை வீரர்களின் அமைப்புகளுடன் பேசி வகுக்க வேண்டும். மருந்து கொடுத்த டாக்டரும், பயிற்சியாளரும், கண்டும் காணாமல் இருந்த நிர்வாகியும் வீரருக்கு முன்னால் கூண்டில் ஏற வேண்டும். வெற்றியால் பணம் சம்பாதிப்பவர் கையில் சோதனைப் பொறுப்பு இருக்கக் கூடாது.

நமது மன்றத்துப் பையன்களிடம் நாளை யாராவது ஒரு மாத்திரையை நீட்டலாம். வாங்காதே என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். நீட்டியவன் யார் என்று எல்லோரும் சேர்ந்து கேளுங்கள்.