பிள்ளையைக் காணோம் என்றால்: ஊர்ப் பேச்சும் மரண விசாரணையும்

(குடியிருப்பாளர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை வீட்டு வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். சிலர் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்திருப்பது முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

1986ஆம் ஆண்டு. பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். எனக்கு 15 வயது. அடுத்த லயத்தில் ஒரு பையன், வயது 9. ஒரு நாள் மாலை விளையாடப் போனவன் வீடு திரும்பவில்லை. அன்று இரவே கதை கிளம்பிவிட்டது. எங்கோ புதுப் பாலம் கட்டுகிறார்கள், தலை வெட்ட ஆள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றார்கள். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பாலக் கதை தெரியும், சிரிக்கிறீர்கள். இரண்டாம் நாள் கதை வீட்டுக்குள் வந்துவிட்டது. அந்தப் பையனுக்குத் தகப்பன் சொந்தத் தகப்பன் இல்லை. குடிப்பார். "அவன்தான் அடிச்சுக் கொன்னு ரப்பர் காட்டுல புதைச்சிருப்பான்" என்று ஆரம்பித்தது. ராத்திரியில் அவர் மண்வெட்டியோடு போனதை யாரோ பார்த்தார்களாம். பள்ளிக்கூட பஸ்ஸில் நானும் சொன்னேன். கொஞ்சம் மாற்றிச் சொன்னேன்: "நான் பார்த்தேன்" என்று. நான் எதையும் பார்க்கவில்லை.

நாலாம் நாள் தோட்டத்துக்கு அப்பால் கைவிடப்பட்ட ஈயக்குட்டையில் உடல் கிடைத்தது. போலீஸ் வந்தது. மலாயில் எழுதிய தாளில் அந்தத் தகப்பன் பெருவிரல் ரேகை வைத்தார். அதில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்குத் தெரியாது. அன்று சாயங்காலமே எரித்துவிட்டோம். பையன் தானாக விழுந்தானா, யாராவது தள்ளினார்களா, என்றைக்குச் செத்தான், நடுவில் எங்கே இருந்தான்? இன்று வரைக்கும் யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை. எங்களுக்குத்தான் பதில் முன்னாலேயே தெரிந்திருந்ததே! சில மாதங்களில் அந்தக் குடும்பம் தோட்டத்தை விட்டே போய்விட்டது.

பல ஆண்டுகள் கழித்து கிள்ளானில் ஒரு கல்யாண வீட்டில் அந்தத் தாயைப் பார்த்தேன். அடையாளம் கண்டுகொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சாப்பிட்டோம். பிறகு கேட்டார்: "தம்பி, மண்வெட்டியோட போனத நீ பார்த்தியா?" இல்லை பெரியம்மா என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

அதனால்தான் இந்தத் தலைப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இப்போது நம் நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு வழக்கைப் பார்ப்போம். 2019 ஆகஸ்ட் மாதம், சிரம்பான் பக்கத்தில் காட்டோரம் உள்ள ஓர் உல்லாச விடுதிக்கு வெளிநாட்டுக் குடும்பம் ஒன்று விடுமுறைக்கு வந்தது. தாய் அயர்லாந்துக்காரர், தகப்பன் பிரெஞ்சுக்காரர். அவர்களின் 15 வயது மகளுக்குப் பிறவியிலேயே மூளை வளர்ச்சிக் குறைபாடு. சரியாகப் பேச வராது, நடையிலும் தடுமாற்றம். வந்த மறுநாள் காலை, ஆகஸ்டு 4, பிள்ளையைக் காணோம். கீழே ஒரு ஜன்னல் திறந்து கிடந்தது. நூற்றுக்கணக்கானோர் தேடினார்கள். மோப்ப நாய், ஹெலிகாப்டர், காடு அறிந்த பூர்வகுடி மக்கள், கடைசியில் பொமோ கூட வந்தார். பத்தாவது நாள், ஆகஸ்டு 13 அன்று, விடுதியிலிருந்து சுமார் இரண்டரை கிலோமீட்டர் தூரத்தில், ஒரு ஓடையோரம் உடல் கிடைத்தது. கண்டெடுத்தது தன்னார்வலர்கள்.

அந்தப் பத்து நாளும் நம் ஒட்டுக்கடைகளில் என்ன பேசினோம்? காட்டு தேவதை மறைத்து வைத்திருக்கிறது என்று ஒரு கூட்டம். கடத்தல் என்று ஒரு கூட்டம். பெற்றவர்கள் மேலேயே சந்தேகம் என்று இன்னொரு கூட்டம். அந்தத் தாய் என்ன உடுத்தினார், எப்படி நின்றார், ஏன் அழவில்லை என்பதெல்லாம் நமக்கு சாட்சியம் ஆகிவிட்டது. அந்தப் பெற்றோரோ ஆரம்பத்திலிருந்து ஒன்றைத்தான் சொன்னார்கள்: எங்கள் பிள்ளை தனியாக வெளியே போகிற பிள்ளை இல்லை.

பட்டினியாலும் நீண்ட நேர மன அழுத்தத்தாலும் குடலில் ஏற்பட்ட இரத்தக்கசிவே காரணம் என்று சவப் பரிசோதனை சொன்னது. குற்றச் செயல் எதுவும் தெரியவில்லை என்றது போலீஸ். 2020 ஜனவரியில் மேல் நடவடிக்கை இல்லை என்று சட்டத்துறைத் தலைவர் அலுவலகம் முடித்துவைத்தது. பேச்சை நம்பியவர்களுக்கும் அதோடு கதை முடிந்தது. வேறு கதைக்குப் போய்விட்டார்கள்.

ஆனால் பெற்றவர்கள் விடவில்லை. மரண விசாரணை வேண்டும் என்று விடாமல் கேட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் சிரம்பானில் விசாரணை தொடங்கியது. கோவிட் காலம் என்பதால் பெற்றோர் காணொளி வழி சாட்சியம் அளித்தார்கள். மொத்தம் 48 சாட்சிகள். 2021 ஜனவரி 4ஆம் தேதி தீர்ப்பு வந்தது: பிள்ளை தானாக வெளியே போய் வழி தவறி இறந்திருக்கிறாள், வேறு யாருக்கும் இதில் சம்பந்தமில்லை, இது அசம்பாவித மரணம். அப்போதும் அவர்கள் விடவில்லை. உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2021 ஜூன் மாதம் நீதிபதி அஸிஸுல் அஸ்மி அட்னான் அந்தத் தீர்ப்பை நீக்கிவிட்டு, திறந்த தீர்ப்பு என்று மாற்றினார். அப்படிப்பட்ட ஒரு பிள்ளை அந்தக் கரடுமுரடான சரிவில் யார் உதவியும் இல்லாமல் அவ்வளவு தூரம் போயிருப்பாள் என்பது நம்பக்கூடியதாக இல்லை என்பது அவர் கருத்து.

திறந்த தீர்ப்பு என்றால் கொலை என்று அர்த்தமில்லை. யாரோ கடத்தினார்கள் என்றும் அர்த்தமில்லை. இருக்கிற சாட்சியத்தை வைத்து எப்படி இறந்தாள் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, கதவை மூடாமல் வைக்கிறோம் என்று அர்த்தம். புதிதாக ஏதாவது கிடைத்தால் மறுபடி பார்க்கலாம். பெற்றவர்கள் பத்து மாதம் நீதிமன்றப் படியேறி வாங்கியது அதைத்தான். பெரிய விஷயமா என்று கேட்கலாம். 1986இல் அந்தப் பெரியம்மாவுக்கு அது கூடக் கிடைக்கவில்லையே.

அவர்களுக்குத் தூதரகம் இருந்தது, வெளிநாட்டுப் பத்திரிகை இருந்தது, வழக்கறிஞர் இருந்தார் என்பீர்கள். உண்மை. நம் பிள்ளை காணாமல் போனால் கவுண்டரில் என்ன கேட்கிறார்கள்? "பாய்பிரண்ட் இருக்கா?" பையனாக இருந்தால், "எந்த கேங்?" கவுண்டருக்கு வருவதற்கு முன்னாலேயே நம் தாமான்காரர்களே அதைச் சொல்லிவிட்டிருக்கிறோம் என்பதுதான் எனக்கு வலிக்கிறது. நம்முடைய பேச்சையே திருப்பி நமக்குப் பதிலாகக் கொடுக்கிறார்கள்.

மரண விசாரணை என்றால் என்ன என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்க வேண்டாம். அது குற்ற வழக்கு இல்லை. அங்கே குற்றவாளிக் கூண்டில் யாரும் நிற்பதில்லை. இறந்தது யார், எப்போது, எங்கே, எப்படி என்று கேட்கிற இடம். நம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது. வேறு யாருடைய சட்டவிரோதச் செயலாலோ, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதாலோ மரணம் வந்ததா, விரைவானதா என்றும் பார்க்க வேண்டும். செய்யாமல் விட்டது என்ற வார்த்தையைக் கவனியுங்கள். வேலி போடாத குட்டை, தேடப் போகாத அதிகாரி எல்லாம் அதில் வரலாம். லாக்காப் மரணம் என்றால் 334ஆவது பிரிவின்படி விசாரணை நடத்தியே ஆக வேண்டும். மற்ற மரணங்களில் அது கட்டாயமில்லை, ஆனால் 339ஆவது பிரிவின்படி சட்டத்துறைத் தலைவர் உத்தரவிட முடியும். சிரம்பான் வழக்கில் நடந்தது போல, குடும்பம் கேட்டால்தான் பல நேரங்களில் அது நகரும்.

ஊர்ப் பேச்சு ஒரு தாயை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1980 ஆகஸ்டு 17, உலுரு என்ற பெரிய பாறை அருகே கூடாரம் போட்டுத் தங்கிய குடும்பத்தில் இரண்டு மாதக் கைக்குழந்தை காணாமல் போனது. தாய் லிண்டி சேம்பர்லைன், காட்டு நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று கத்தினார். அந்த மண்ணின் பழங்குடித் தடம் பார்ப்பவர்கள் மணலில் நாயின் தடத்தைப் பார்த்தார்கள். முதல் மரண விசாரணையில், 1981இல், டெனிஸ் பாரிட் என்ற அதிகாரி தாய் சொன்னதை ஏற்றுக்கொண்டார். வதந்தியை அடக்க வேண்டும் என்றே தீர்ப்பைத் தொலைக்காட்சியில் நேரடியாக வாசித்தார்.

அடங்கவில்லை. அந்தக் குடும்பம் சிறுபான்மைச் சபை ஒன்றைச் சேர்ந்தது, ஏழாம் நாள் ஓய்வுக்காரர்கள். போதாதா? குழந்தைக்குக் கறுப்புச் சட்டை போட்டாள், பேரே பலி என்று அர்த்தம், தொலைக்காட்சியில் அழவில்லை. பேருக்கு அப்படி ஓர் அர்த்தமே கிடையாது. இரண்டாவது மரண விசாரணை, பிறகு வழக்கு, 1982இல் ஆயுள் தண்டனை. காவலில் இருக்கும்போதே அவருக்கு இன்னொரு பெண் குழந்தை பிறந்தது, அதையும் பிரித்தார்கள். காரில் குழந்தையின் இரத்தம் என்று நிபுணர்கள் சொன்னது, பிறகு பார்த்தால் தொழிற்சாலையில் அடிக்கிற சத்தத் தடுப்பு மருந்து. 1986இல் குழந்தையின் மேல்சட்டை நாய்கள் வாழும் பகுதியில் கிடைத்தது, விடுதலையானார். 1988இல் தண்டனை ரத்து. நாய்தான் கொன்றது என்று மரண விசாரணை முடிவாகச் சொன்னது எப்போது தெரியுமா? 2012 ஜூன் மாதம். நாலாவது விசாரணை. 32 ஆண்டு. பழங்குடிக்காரர்கள் முதல் நாளே சொன்னதைத்தான் சொன்னார்கள். ஆனால் அவர்கள் பேச்சு கோட்டு சூட்டு போட்ட நிபுணர் பேச்சுக்கு முன்னால் எடுபடவில்லை. இது நமக்குப் புதிதா?

பொதுமக்கள் வாயே திறக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சபாவில் 2025 ஜூலையில் 13 வயது மாணவி ஒருத்தி பள்ளி விடுதியில் மயங்கிக் கிடந்து மறுநாள் மருத்துவமனையில் இறந்தாள். சவப் பரிசோதனை செய்யாமலே அடக்கம் செய்துவிட்டார்கள். மக்கள் குரல் எழுப்பினார்கள். தாயும் கேட்டார். ஆகஸ்டில் உடலைத் தோண்டியெடுத்துப் பரிசோதித்தார்கள், செப்டம்பரில் கோத்தா கினபாலுவில் மரண விசாரணை தொடங்கியது. அந்தக் குரல் இல்லாவிட்டால் அது நடந்திருக்குமா? ஆனால் அதே வாய்தான், பிள்ளையை வாஷிங் மெஷினுக்குள் போட்டார்கள் என்று டிக்டாக்கில் பரப்பியது. விசாரணை வேண்டும் என்று கேட்டதால் புதைகுழி திறந்தது. வாஷிங் மெஷின் கதையை அந்தத் தாய் ஒவ்வொரு ராத்திரியும் நினைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

இங்கே ஒன்றைக் கவனித்தீர்களா? அந்தப் பிள்ளையைப் புதைத்திருந்தார்கள். அதனால் தோண்ட முடிந்தது. நம்மவர்கள் எரிக்கிறோம். எரித்த பிறகு எந்த நீதிமன்றம் உத்தரவு போட்டாலும் சாம்பலில் ஒன்றும் இல்லை. "பிள்ளைய அறுக்காதீங்க, சீக்கிரம் கொடுத்துடுங்க" என்று நாமே கெஞ்சுகிறோம். பெற்ற வயிறு, புரிகிறது. ஆனால் சந்தேகம் துளி இருந்தாலும், முழு சவப் பரிசோதனை முடிந்து முடிவைப் பற்றி டாக்டரிடம் பேசும் வரை எரிக்காதீர்கள். வேண்டுமானால் புதையுங்கள். சடங்கு தெரிந்த பெரியவர்கள் என் மேல் கோபப்படலாம், கூட்டம் முடிந்து பேசுவோம்.

மற்றவை எல்லாம் சின்னச் சின்ன வேலைதான். 24 மணி நேரம் காத்திருக்கச் சொல்லி சட்டம் இல்லை, பிள்ளையைக் காணோம் என்றதும் போய் ரிப்போர்ட் செய்யுங்கள். நகல் வாங்காமல் வெளியே வராதீர்கள். விசாரணை அதிகாரி பேரும் போன் நம்பரும் எழுதிக்கொள்ளுங்கள். படிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து வேண்டாம், பள்ளிக்கூடம் போகிற பிள்ளையையாவது கூட்டிப் போய் வாசிக்கச் சொல்லுங்கள். பிள்ளை கடைசியாக என்ன உடுத்தியிருந்தது, யாரிடம் பேசியது, எத்தனை மணி என்று அன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். பத்து நாள் கழித்து ஞாபகத்தில் ஊர்ப் பேச்சும் கலந்துவிடும். யாராவது "நான் பார்த்தேன்" என்றால் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், அவரைக் கையோடு ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய் வாக்குமூலம் கொடுக்கச் சொல்லுங்கள். உண்மையிலேயே பார்த்தவர் வருவார். என்னைப் போல பஸ்ஸில் கதை விட்டவன் அங்கேயே நழுவிவிடுவான்.

மரணம் என்றால், விசாரணை கேட்டு சட்டத்துறைத் தலைவருக்குக் கடிதம் எழுத வேண்டும். குடும்பத்தின் பேரில் வழக்கறிஞர் விசாரணையில் அமர்ந்து சாட்சிகளைக் கேள்வி கேட்கலாம். காசில்லை என்றால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை அணுகலாம். கடித மாதிரி ஒன்று மலாயில் தட்டச்சு செய்து கொண்டு வந்திருக்கிறேன், வாசலில் மேசை மேல் இருக்கிறது. ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டுக்கும் ஒன்று.

இப்போது டீ வருகிறது. கேள்வி இருந்தால் கேளுங்கள்.