ஊமைத்துரையின் உடல்நலம்

புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டியிலே ஒல்லாந்தர் கட்டிய கோட்டை இன்றும் நிற்கிறது. அக்கரையிலிருந்து மன்னார்க் குடாவைக் கடந்து வடமேற்கே சென்றால் தூத்துக்குடியை அடையலாம். ஒல்லாந்தர் ஆண்ட இவ்விரு துறைகளும் 1795இல் ஆங்கிலேயர் கைக்கு மாறின. ஆறு ஆண்டுகள் கழித்து, 1801இல், தூத்துக்குடியைச் சிறிது காலம் பாஞ்சாலங்குறிச்சிப் படையினர் கைப்பற்றியிருந்தனர். அவர்களின் தலைவர், 1799இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட வீரபாண்டிய கட்டபொம்மனின் தம்பி. இயற்பெயர் குமாரசுவாமி, நாடறிந்த பெயர் ஊமைத்துரை.

இவருக்கு இருந்த குறைதான் யாது? நாவிலா, செவியிலா, அன்றி உடல் முழுவதும் நலிவுற்றிருந்ததா? இதனை ஆராய்வோர்க்கு வாய்த்த முக்கிய சாட்சி, எதிரணியில் நின்று போரிட்ட ஆங்கில அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ். அவர் 1830இல் வெளியிட்ட நினைவு நூலிலே ஊமைத்துரையைச் செவிடும் ஊமையுமானவர் என்கிறார். உயர்ந்து மெலிந்த, நோயாளி போன்ற தோற்றமுடைய இளைஞர் என்றும் வருணிக்கிறார்.

பிறவியிலோ இளங்குழவிப் பருவத்திலோ செவிப்புலனை இழந்தவர், நாவும் குரல்வளையும் நலமாயிருந்தும், மொழியைக் கேட்டுப் பழகும் வாய்ப்பின்றிப் பேசாதிருத்தல் உண்டு. வெல்ஷின் கூற்று மெய்யாயின் மூலக்குறை செவியிலே எனக் கொள்ள இடமுண்டு. ஆயினும் அது எக்காரணத்தால், எப்பருவத்தில் நேர்ந்தது என்பதற்கு அவர் எழுத்தில் விடையில்லை. 'நோயாளி போன்ற தோற்றம்' என்பதும் கண்டவர் கருத்தேயன்றி மருத்துவர் முடிபன்று.

அதே வெல்ஷ் மற்றொன்றும் சொல்கிறார். ஊமைத்துரை இடக்கையில் வைக்கோல் துரும்புகளைப் பரப்பி, அவையே ஆங்கிலேயர் எனக் குறிப்பால் உணர்த்துவார். வலக்கையை வீசி, வாயால் சீறும் ஒலி எழுப்பி, அவற்றைத் துடைத்தெறிவார். அவருடைய சிறு சைகையையும் தெய்வ வாக்காகக் கொண்டு வீரர் விரைந்தனராம்.

இனி அம்மைக் கதைக்கு வருவோம். 1801 மே 24ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது. போர்க்களத்திலே தன் மகனைத் தேடிவந்த தாய் ஒருத்தி, அவன் உயிர் ஊசலாடக் கண்டாள். தன்னை விட்டுவிட்டு, அருகே காயமுற்றுக் கிடக்கும் சுவாமியைக் காப்பாற்றுமாறு அவன் வேண்டினான். 'சுவாமி' என்றது ஊமைத்துரையையே. பெண்கள் அவரை இல்லத்துக்குச் சுமந்து சென்றனர். படையினர் தேடிவந்தபோது, அவர்மீது துணியைப் போர்த்தி, அம்மையால் இறந்தான் என ஓலமிட்டு அழுதனர். வந்தவர் அஞ்சி அகன்றனர். அம்மைப் பால் குத்தும் முறை இந்தியாவையும் இலங்கையையும் எட்டியது அதற்கு மறு ஆண்டு, 1802இலேதான். அன்றைய மக்களுக்கு அந்நோயிடம் இருந்த அச்சம் பெரிது.

இங்கே ஆராய்ச்சியாளர் விழிப்பாயிருத்தல் வேண்டும். 'அம்மை' என்ற சொல்லைக் கண்டவுடனே அதனை ஊமைத்துரையின் நோய்ப் பட்டியலிற் சேர்த்துவிடலாகாது. அப்பெண்கள் அதனைச் சொன்னது ஓர் உயிரைக் காக்க. சொன்னவர் யார், எந்த நிலையில், எதன்பொருட்டுச் சொன்னார் என்பவற்றை ஆராய்ந்த பின்னரே பழைய குறிப்பு ஒன்று சான்றாகும்.

பிழைத்தெழுந்த ஊமைத்துரை சிவகங்கை மருது சகோதரருடன் இணைந்து மீண்டும் போரிட்டார். 1801 நவம்பரிலே பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய நோயின் பெயரைத் துணிந்து கூறுவதற்கில்லை. பேச்சின்றியும் ஒரு படையை நடத்தினார் என்பதைப் பகைவரின் ஏடே உறுதிசெய்கிறது.