பட்டம் கொடாத கல்லூரி

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



சில மாதங்களுக்கு முன்பு அயலவர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். அவருடைய மகள் க.பொ.த. உயர்தரப் பரீட்சையிலே சித்தியெய்தி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்துக்குத் தெரிவாகியிருந்தாள். வாழ்த்துச் சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"அதுதான் சேர் யோசனையாய்க் கிடக்கு. பட்டம் முடிச்ச பிள்ளையள் வேலை கேட்டுக் கச்சேரி வாசலிலை இருந்ததைப் பாத்தனாங்கள்தானே. நாலு வருஷத்தைக் கம்பஸிலை விடுறதிலும் பாக்க, வீட்டிலை இருந்து போனிலையே ஒரு கணக்கியல் கோர்ஸைப் படிக்கட்டுமே. அங்கை போய்ப் பிள்ளைக்கு என்ன வரப்போகுது?"

அவரைக் குறைசொல்ல முடியவில்லை. 2017 இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ். மாவட்டச் செயலகத்தின் முன்னே மாதக்கணக்காக இருந்து போராடியதை ஊரே கண்டது. நான் ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டேன். சொல்லாமல் விட்டதை இன்று உங்களோடு பேசலாமென்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எங்கள் ஊரிலே பதினொரு வயதுப் பிள்ளை புத்தகப்பையோடு போகிற இடமும் கல்லூரிதான். தமிழ்நாட்டார் கல்லூரி என்பதை நாங்கள் பல்கலைக்கழகம் என்றோ கம்பஸ் என்றோ சொல்லிப் பழகிவிட்டோம். சொல்லென்னவோ பழையது, சீவகசிந்தாமணியிலேயே வருகிறது. நான் பேசுவது உயர்கல்விக்காக இளைஞர்கள் ஒன்றுகூடியிருக்கும் இடத்தைப் பற்றி. பெயர் எதுவாகவும் இருக்கட்டும்.

அந்தத் தகப்பனாருடைய கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பட்டத்தால் என்ன வரும் என்பது ஒன்று. கல்லூரியால் என்ன வரும் என்பது மற்றது. நம்முடைய மனத்திலே இரண்டும் ஒட்டிக்கொண்டுவிட்டன. ஆனால் இவை தனித்தனியாக நின்ற ஒரு காலம் இதே குடாநாட்டில் இருந்தது.

1823 ஆம் ஆண்டிலே அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியைத் தொடங்கினார்கள். டானியல் பூர் பாதிரியார் அதன் முதல் அதிபர். ஆங்கிலம், தமிழ், சமஸ்கிருதம், கணிதம், வானசாஸ்திரம், இயற்கை விஞ்ஞானம் எல்லாம் அங்கே கற்பிக்கப்பட்டன. மிஷனரிமார் எதிர்பார்த்தது சமயப்பணிக்கு ஆட்களை. பெற்றோர் எதிர்பார்த்தது உத்தியோகத்தை. 1855 இல் அமெரிக்காவிலிருந்து றூபஸ் அண்டர்சன் தலைமையிலே வந்த தூதுக்குழு கணக்குப் பார்த்தது. பெடியன்கள் ஆங்கிலத்தைப் படித்துவிட்டு உத்தியோகத்துக்குப் போகிறார்கள், போட்ட காசுக்கு ஊழியம் கிடைக்கவில்லை என்பது அவர்களுடைய குறை. அவ்வாண்டிலேயே செமினரி மூடப்பட்டது. நம்முடைய அயலவரும் அண்டர்சனும் கையில் வைத்திருப்பது ஒரே அளவுகோல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருவர் உத்தியோகத்தை அளக்கிறார், மற்றவர் ஊழியத்தை அளந்தார்.

இரண்டு வருஷங்கள் கழிந்தன. 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகம் தன்னுடைய முதலாவது பீ.ஏ. பரீட்சையை நடத்தியது. அதிலே தேறியவர்கள் கறோல் விசுவநாதபிள்ளையும் சி.வை. தாமோதரம்பிள்ளையும். இருவரும் வட்டுக்கோட்டை செமினரியிலே படித்தவர்கள். பட்டம் கொடுத்தது சென்னை. ஆளை ஆக்கியது, பல்கலைக்கழகப் பட்டம் ஒன்றும் கொடாத, அப்போது கதவு சாத்திக் கிடந்த வட்டுக்கோட்டை.

தாமோதரம்பிள்ளையவர்கள் வட்டுக்கோட்டையிலே பெற்றுக்கொண்டது எது? தமிழ் என்று சொல்ல மாட்டேன். இலக்கண இலக்கியங்களை அவர் சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடம் பாடங்கேட்டவர். உத்தியோகம், அது சென்னையிலும் பின்பு புதுக்கோட்டையிலும் வந்தது. ஆனால் அவரை இன்று நாம் நினைப்பது நீதிபதியென்றா? வீரசோழியம் 1881 இல், தொல்காப்பியப் பொருளதிகாரம் நச்சினார்க்கினியர் உரையோடு 1885 இல், கலித்தொகை 1887 இல் அவருடைய பதிப்பாக வெளிவந்தன. பல ஊர் ஏடுகளைத் தேடி எடுத்து, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, ஐயமுள்ள இடத்தை ஐயமென்று ஒத்துக்கொண்டு அச்சேற்றினார். கையில் எடுத்த ஏடு பொடிந்துபோவதைக் கண்டு அவர் பட்ட வேதனை அவருடைய பதிப்புரைகளிலே தெரிகிறது. ஏட்டுத்தமிழை அவருக்குக் கவிராயர் கொடுத்தார். ஓர் ஏடு சொல்வதை இன்னோர் ஏட்டோடு வைத்துப் பார்க்காமல் நம்பாத பழக்கம் வட்டுக்கோட்டையிலே பிடித்திருக்க வேண்டுமென்பது என்னுடைய ஊகம்.

ஊகத்துக்கு ஒரு காரணமும் உண்டு. 1829 மார்ச்சிலே ஒரு சந்திரகிரகணம் வந்தது. பஞ்சாங்கம் கணிப்பதிலே பெயர்பெற்ற விசுவநாத சாஸ்திரியார் ஒரு நேரத்தைக் கணித்திருந்தார். பூர் பாதிரியார் மேனாட்டு முறைப்படி வேறொரு நேரத்தைக் கணித்தார். வித்தியாசம் நிமிஷக் கணக்கிலேதான். பாதிரியாருடைய கணக்கே வானத்தோடு ஒத்தது. சைவத்தை அசைக்கலாம் என்பது அவருடைய எண்ணம், அதை மறைப்பானேன். ஆனால் ஒரு வாத்தியார் தன்னுடைய கணக்கையும் பகிரங்கமாக வானத்தின் முன்னே பரீட்சைக்கு வைக்கிறார். அதைக் கண்ட சூழலிலே வளர்கிற பிள்ளைக்கு, ‘வாத்தியார் சொன்னார்’ என்பது மட்டும் இனிப் போதாது. அந்தப் பழக்கம் பாதிரிமார் நினைத்த எல்லைக்குள் நிற்கவுமில்லை. தாமோதரம்பிள்ளை சைவராகவே மறைந்தார். பூருக்குப் பின் செமினரியை நடத்திய ஹொய்சிங்டன் பாதிரியாரும் மாற்றத்துக்கு விலக்கல்லர். கற்பிக்க வந்தவர் நம்முடைய சித்தாந்த நூல்களைக் கற்று, சிவஞானபோதத்தை ஆங்கிலத்திலே பெயர்த்து 1854 இல் வெளியிட்டார்.

இது வீட்டிலே இருந்து போனிலே படித்தால் வராதா? இதற்கு விடை சொல்ல நாம் தத்துவம் பேச வேண்டியதில்லை. 2020 மார்ச்சிலே கொரோனா வந்து பல்கலைக்கழகங்களை மூடியது. விரிவுரைகள் கணினிக்கும் கைத்தொலைபேசிக்கும் வந்தன. பாடம் குறையவில்லை, பரீட்சையும் நடந்தது. ஆனால் அந்தக் காலத்திலே முதலாம் வருடம் படித்த பிள்ளைகளைக் கேட்டுப்பாருங்கள். தன்னுடைய வகுப்பிலே படித்தவர்களின் முகமே தெரியாது என்பார்கள். விரிவுரை முடிந்ததும் பொத்தானை அழுத்தினால் எல்லாம் மறைந்துவிடும். ‘சேர் சொன்னது சரியோ?’ என்று வெளியிலே வந்து வாதாட ஒரு மரநிழல் இல்லை.

பவணந்தி முனிவர் இதை எப்போதோ கணக்கிட்டு வைத்துவிட்டார். ஆசிரியரிடம் கேட்டதோடு நின்றால் மாணவனுக்குக் கிடைப்பது கால்பங்குதானாம். உடன் பயில்வோரோடு கூடிப் பயில்வதனாலே இன்னொரு கால்பங்கு. கற்றதைப் பிறருக்கு விரித்துரைக்கும்போதுதான் மிச்ச அரைப்பங்கும் வந்து சேர்கிறது. நன்னூலைப் பரீட்சைக்காகப் பாடமாக்கிய நம்மில் எத்தனை பேர் இந்தக் கணக்கை நின்று பார்த்திருப்போம்! ரியூட்டரியிலே ஐந்நூறு பேர் ஒரே மண்டபத்தில் இருந்து குறிப்பெழுதுகிறார்கள். கூட்டமிருக்கிறது, கூடிப்பயில்தல் இல்லை. பக்கத்து வாங்கில் இருப்பவன் இசற் புள்ளிக்குப் போட்டியாளன்.

கூடிப்பயில்தல் என்றால் என்னவென்று எங்கள் பல்கலைக்கழகத்தின் கதையே சொல்லும். 1974 ஒக்டோபரில் அது யாழ்ப்பாண வளாகமாகத் தொடங்கியபோது பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதல் தலைவர். கலைத்துறைகள் இராமநாதன் 1921 இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரிக் கட்டடங்களிலே திருநெல்வேலியில் நடந்தன. விஞ்ஞானத்துக்கு இடம் கிடைத்தது எங்கே? வட்டுக்கோட்டையிலே, பழைய செமினரி நின்ற யாழ்ப்பாணக் கல்லூரியில். அந்த வளாகத்திலே தொடக்கத்தில் சிங்கள மாணவர்களும் படித்தார்கள். 1977 இன் இனக்கலவரத்துக்குப் பின் அவர்கள் போய்விட்டார்கள். அவர்களும் இழந்தார்கள், நாமும் இழந்தோம்.

1985 இல் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதிய ‘மண் சுமந்த மேனியர்’ நாடகத்தைப் பல்கலைக்கழக மாணவர்கள் க. சிதம்பரநாதனுடைய நெறியாள்கையிலே ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். புத்தகத்தோடு மட்டும் பழகிய பிள்ளைகள் திறந்தவெளியிலே சனங்களின் முன்னே நின்றார்கள். பவணந்தியார் சொன்ன அந்த அரைப்பங்கு இதுவென்று நான் எண்ணுவதுண்டு. அதற்கடுத்த தசாப்தத்திலே மின்சாரமே இல்லை. ஜாம்போத்தல் விளக்கொன்றைச் சுற்றி நாலு பேர் இருந்து படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். எண்ணெய் மிச்சம் பிடிக்கவென்று கூடியவர்கள் ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக் கொடுக்கப் பழகினார்கள். கஷ்டத்தைப் புகழ்ந்து பாட நான் வரவில்லை. அது வேண்டாம். அந்த விளக்கைச் சுற்றிய வட்டம் மட்டும் வேண்டும்.

இந்த இடத்திலே நான் கசப்பான ஒன்றையும் சொல்லாமல் போனால் அயலவரை ஏமாற்றியவன் ஆவேன். கூட்டம் கெடுக்கவும் செய்யும். 1997 இல் பேராதனையிலே பொறியியல் படிக்கப்போன தமிழ் மாணவன் ஒருவன் பகிடிவதையினால் உயிரிழந்தான். 1998 இல் பகிடிவதையைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. பகிடிவதை இன்னும் ஒழியவில்லை. கேள்வி கேட்கப் பழகவேண்டிய பிள்ளைக்கு முதல் வாரத்திலேயே தலைகுனியப் பழக்குகிறார்கள். கல்லூரி கொடுக்கக்கூடிய ஒன்றையே வாசலில் வைத்துப் பறித்துவிடுகிறார்கள். போருக்குப் பின் சிங்கள மாணவர்கள் மீண்டும் இங்கே வந்தார்கள். 2016 ஜூலையிலே விஞ்ஞானபீடத்துப் புதுமுக மாணவர் வரவேற்பில் இரு பகுதியாரும் மோதிக்கொண்டார்கள். ஒரே ஆய்வுகூடத்தில் நிற்பவர்கள்! பக்கத்திலே இருத்திவிட்டால் மட்டும் போதாது, பேச வைக்கவும் வேண்டும். அந்தப் பொறுப்பு விரிவுரையாளருக்கும் உண்டு, மூத்த மாணவருக்கும் உண்டு.

அயலவரிடம் இவ்வளவையும் நான் சொல்லவில்லை. ஆனாலும் பிள்ளை கம்பஸுக்குப் போனாள். தாய்தான் பிடிவாதமாக நின்றதென்று பின்னர் அறிந்தேன். போன கிழமை அவரைத் திருநெல்வேலிச் சந்தையிலே கண்டேன். மகள் எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டேன்.

"படிப்புக்குக் குறையில்லை சேர். ஆனால் வீட்டிலை இப்ப ஒரு கதையும் கதைக்கேலாது. பேப்பரிலை வந்ததெண்டு எதையாவது சொன்னால், ‘அது உங்களுக்கு எப்பிடித் தெரியும் அப்பா, வேறை பேப்பரிலை என்ன போட்டிருக்கு?’ எண்டு கேக்கிறாள்" என்றார்.

முறைப்பாடாகத்தான் சொன்னார். கத்தரிக்காய்ப் பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, "நான் இப்ப ரெண்டு பேப்பர் வாங்கிறன்" என்றும் சொன்னார்.